வெண்பனியும் வானிலை முன்கூறலும்

வெண்பனியைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது சொல்லின் இடர்ப்பாடேயாகும். நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தபோது அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். ஆயினும் அவர்கள் தம் நிலத்திற் கண்ட பனி, புல்நுனியில் நீர்த்துளியாய் நிற்பதும் விடியற்பொழுதில் வயல்வெளியை மூடிக்கிடப்பதுமான பனியே. பஞ்சுபோல் வானின்றும் இறங்கி, நிலத்தை முழங்கால் ஆழத்துக்கு மூடி, பாதையையும் படலையையும் மறைக்கும் பனியை அவர்கள் தம் நிலத்திற் கண்டிலர். நுவரெலியாவிலே சில தை மாத விடியற்காலைகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் தரையோடு தோன்றுவதேயன்றி வானின்று வீழ்வதன்று. ஆகவே, குளிர் நாட்டு மக்கள் நன்கறிந்த இந்தப் பொருளை இக்கட்டுரையில் வெண்பனி என்றே வழங்குவோம்.

நாம் காணாத ஒன்றைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வாசகர் வினவலாம். வெண்பனி வருமா வாராதா என்ற கேள்வி, அறிவியலின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் கேள்வியாக இருக்கின்றது. அத்துடன், நிச்சயமற்ற ஓர் அறிவை ஒரு சமுதாயம் எவ்வாறு பயன்படுத்துகின்றது, அவ்வறிவு பிழைத்தவிடத்து அதன் சுமையை யார் தோளில் ஏற்றுகின்றது என்பவற்றையும் அது காட்டுகின்றது. இவ்விரண்டும் எந்த நாட்டு மக்களுக்கும் உரிய கேள்விகள்.

ஒரு பாகைக்குள் அடங்கும் வேறுபாடு

சைபீரியாவிலோ வட கனடாவிலோ நடுக்குளிர் காலத்தில் வானிலிருந்து விழுவது மழையா வெண்பனியா என்று எவரும் கேட்பதில்லை. அங்கே விழுவது வெண்பனியே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அக்கேள்வி எழுவதில்லை. இங்கே விழுவது மழையே. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நாடுகளிலேதான் வானிலையாளரின் துன்பம் தொடங்குகின்றது. பிரித்தானியத் தீவுகள் அத்தகைய இடைநிலத்துக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நாற்புறமும் கடல் சூழ்ந்த அத்தீவுகளை மேற்கிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் மிதமான காற்றும், வடக்கிலிருந்து ஆட்டிக்குக் காற்றும், கிழக்கிலிருந்து ஐரோப்பியக் கண்டத்தின் வறண்ட குளிர்காற்றும் மாறிமாறி ஆளுகின்றன. எது வெல்லும் என்பதைப் பொறுத்தே அன்றைய வானம் அமைகின்றது.

அந்நாட்டிற் குளிர்காலத்திலே பெய்யும் மழையிற் பெரும்பகுதி முகிலினுள்ளே பனித்துகளாகவே பிறக்கின்றது என்பதை முதலிற் கருத்திற் கொள்ளவேண்டும். அத்துகள்கள் விழும் வழியிலே பூச்சியப் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடைய காற்றுப் படையைச் சந்தித்தால் உருகத் தொடங்குகின்றன. சில நூறு அடி ஆழமுள்ள படையாயின் உருகுவதற்குள் தரையை அடைந்துவிடுகின்றன. ஆயிரம் அடிக்கு மேற்பட்ட படையாயின் பெரும்பாலும் மழைத்துளியாகின்றன. ஆதலின் தரைக்கு அண்மையில் வெப்பநிலை சதமவளவையில் ஒன்று அல்லது இரண்டு பாகையாக இருக்கும்போது, மழை வெண்பனி இரண்டிற்கும் இடமுண்டு. இரண்டும் கலந்த சேறு போன்ற ஒன்று விழுவதற்கும் இடமுண்டு.

இதனோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. பனி உருகுவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனி உருகுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தை அது தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்தே பெறுகின்றது. ஆகவே விழும் பனி தான் விழும் காற்றையே குளிர்விக்கின்றது. விழுவது சிறிதாயின் குளிர்ச்சியும் சிறிது. மழை மழையாகவே நிற்கும். விழுவது மிகுதியாயின், மணித்தியாலம் இரண்டு செல்வதற்குள் காற்று பூச்சியப் பாகைவரை குளிர்ந்து, மழையாய்த் தொடங்கியது வெண்பனியாய் மாறிவிடும். காற்று வறண்டிருந்தாலோ, விழும் துளிகள் ஆவியாகி மேலும் குளிர்ச்சியைத் தருகின்றன. எனவே, வெண்பனி விழுமா என்று கூறுவதற்கு வெப்பநிலையை மட்டும் அறிந்தாற் போதாது. எவ்வளவு வலிமையாக விழும், எத்துணை நேரம் விழும், காற்று எவ்வளவு ஈரமானது, எத்திசையிலிருந்து வீசுகின்றது என்பனவற்றையும் அறிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றிற் சிறு பிழை நேரினும் முடிவு தலைகீழாகும்.

பிழையின் பயனும் சிறியதன்று. பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் நகரத்தார் குடையை விரித்துக்கொண்டு தம் வேலைக்குச் செல்வர். அதே நீர் வெண்பனியாய் விழுந்தால் ஏறக்குறையப் பத்துச் சதமமீற்றர் ஆழத்துக்குத் தெருவை மூடிவிடும். பேருந்து நிற்கும், புகைவண்டி நிற்கும், பள்ளிக்கூடம் மூடப்படும். வானத்தில் ஒரு பாகை வேறுபாடு, நிலத்தில் ஒரு நகரத்தின் ஒரு நாள் வாழ்வாகிவிடுகின்றது.

பிரித்தானிய வானிலையாளர் நெடுங்காலமாக ஓர் அளவுகோலைக் கையாண்டு வந்துள்ளனர். காற்றமுக்கம் 1000 மில்லிபாராக உள்ள மட்டத்துக்கும் 500 மில்லிபாராக உள்ள மட்டத்துக்கும் இடையிலுள்ள காற்றுப் படையின் தடிப்பை அவர்கள் அளப்பர். குளிர்ந்த காற்று சுருங்கும். வெப்பக் காற்று விரியும். அத்தடிப்பு 5280 மீற்றருக்குக் குறைந்தால் வெண்பனிக்கு இடமுண்டு என்பது அவர்களது பொது விதி. ஆனால் அக்கோட்டின் ஒருபுறம் நிச்சயமாக வெண்பனி, மறுபுறம் நிச்சயமாக மழை என்று அவ்விதி கூறவில்லை. பல ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எல்லைக் கோடு எனப்பட்டது உண்மையில் ஓர் அகன்ற வரப்பே என்பது தெளிவாயிற்று.

பிற்ஸ்றோயின் துணிவும் கற்றோர் தீர்ப்பும்

வானிலை முன்கூறலின் வரலாற்றைப் பிரித்தானியாவில் றொபேட் பிற்ஸ்றோயுடன் தொடங்குதல் மரபு. சாள்ஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் இவரே. அரசியற் கருத்திலும் சமயக் கருத்திலும் இவர் பழைமைவாதி. டார்வினின் கூர்ப்புக் கொள்கையைக் கடைசிவரை ஏற்காதவர். எனினும், கடலோடிகளின் உயிரைப் பற்றி இவருக்கிருந்த கவலை உண்மையானது. 1854இல் வர்த்தகச் சபையின் வானிலைப் பகுதிக்குத் தலைவரான இவர், ஏழை மீனவர் வாழும் துறைகளுக்குப் பாரமானிகளைக் கடனாக வழங்கச் செய்தார்.

1859 ஒக்டோபர் மாதத்தில் றோயல் சார்ட்டர் என்னும் கப்பல் அங்கிள்சித் தீவின் கரையிற் புயலால் உடைந்து, நானூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவுஸ்திரேலியத் தங்கவயல்களிலிருந்து பொருளீட்டித் திரும்பியோர் பலர் அதில் இருந்தனர். இவ்வழிவின் பின்னர், தந்திக் கம்பியின் துணைகொண்டு கரையோர நிலையங்களிலிருந்து செய்தி திரட்டிப் புயலெச்சரிக்கை விடுக்கும் முறையைப் பிற்ஸ்றோய் நிறுவினார். 1861 ஆகஸ்டில் பொதுமக்களுக்கான நாளாந்த முன்கூறல் ‘த ரைம்ஸ்’ பத்திரிகையில் வெளிவரத் தொடங்கியது. தாம் கூறுவது தீர்க்கதரிசனமன்று, கணித்துப் பெற்ற ஓர் அபிப்பிராயமே என்பதை அவர் வலியுறுத்தினார். அதற்கெனவே முன்கூறல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை அவர் வானிலைத்துறையில் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

ஆனால் பத்திரிகை வாசகர் அதனை அபிப்பிராயமாகக் கொள்ளவில்லை. பிழைத்த நாட்களில் நகைத்தனர். அறிவியலாளரோ, விதியினின்று பெறப்படாத முடிவு அறிவியலாகாது என்று கடிந்தனர். நோயும் கடனும் மனச்சோர்வும் வருத்த, 1865 ஏப்ரில் 30ஆந் திகதி பிற்ஸ்றோய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன் பின்னர் பிரான்சிஸ் கோல்ற்றன் தலைமையில் அமைந்த குழு 1866இல் வழங்கிய அறிக்கை, அவரது முன்கூறல்களுக்குத் தக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது. நாளாந்த முன்கூறல்கள் நிறுத்தப்பட்டன. புயலெச்சரிக்கைகளும் அவ்வாண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டன.

அடுத்து நிகழ்ந்ததே நம் கருத்துக்குரியது. துறைமுகங்களிலிருந்து கண்டனக் குரல் எழுந்தது. எச்சரிக்கை சிலவேளை பிழைக்கும் என்பதைக் கடலோரத்தார் அறியாதவரல்லர். அவர்கள் அறிந்தே அதனை வேண்டினர். 1867இன் இறுதியில் புயலெச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. பொதுமக்களுக்கான முன்கூறல்கள் மீளுவதற்கோ 1879வரை காத்திருக்க நேர்ந்தது. முற்றிலும் நிச்சயமான அறிவு கிடைக்கும்வரை வாய் திறத்தல் ஆகாது என்பது கற்றோர் குழுவின் நிலைப்பாடு. அரைகுறை நிச்சயமாயினும் அது ஓர் உயிரைக் காக்குமாயின் வேண்டும் என்பது கடலோடியின் நிலைப்பாடு. அறிவியலின் மதிப்பைக் காப்பது முதலாவது நிலைப்பாட்டின் நோக்கம். மனிதரைக் காப்பது இரண்டாவதன் நோக்கம். வரலாறு இரண்டாவதன் பக்கமே தீர்ப்பளித்தது என்பதில் ஐயமில்லை.

போரும் பசியும் தந்த அறிவு

முதலாவது உலகப் போரில் நோர்வே நடுநிலை நாடாக இருந்தது. ஆயினும் போரின் பயனாய்க் கடற்பரப்பிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வரும் வானிலைச் செய்திகள் அந்நாட்டுக்குத் தடைப்பட்டன. இறக்குமதி குன்றியதால் உணவுத் தட்டுப்பாடும் எழுந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து 1917இல் பேர்கன் நகருக்குத் திரும்பிய வில்கெல்ம் பியர்க்னஸ் என்னும் அறிஞர், விவசாயிகளுக்குப் பயன்படும் முன்கூறல்களை 1918ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்கினார். வெளியிலிருந்து செய்தி வாராமையால், உள்நாட்டிலேயே மேற்குக் கரையோரத்தில் நெருக்கமாக அவதானிப்பு நிலையங்களை அமைக்கவேண்டியதாயிற்று. அந்த நெருக்கமான வலையே, முன்னர் எவரும் கண்டிராத ஒன்றைக் காட்டியது. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மெல்லமெல்லக் கலப்பதில்லை. ஒடுங்கிய ஓர் எல்லையில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. அவ்வெல்லைக்குப் ‘போர்முனை’ எனப் பொருள்படும் பெயரையே பேர்கன் அறிஞர் வழங்கினர். ஐரோப்பாவெங்கும் இளைஞர் பதுங்குகுழிகளில் மாண்டுகொண்டிருந்த காலத்திற் பிறந்த கருத்து, அக்காலத்தின் வடுவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது.

வெண்பனிக் கேள்வி இவ்வெல்லைகளிலேதான் கூர்மையடைகின்றது. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப முனை, பிரித்தானியா மீது தங்கியிருக்கும் குளிர்காற்றை மோதும்போது, அதன் முன்பகுதியில் வெண்பனியும் பின்பகுதியில் மழையும் விழும். குளிர்காற்று விட்டுக்கொடாது நின்றால் வெண்பனி தொடரும், பின்வாங்கினால் மழையாகும். முனை ஐம்பது மைல் இப்புறம் நின்றால் ஒரு நகரம் மூடப்படும். அப்புறம் நின்றால் வேறொரு நகரம் மூடப்படும்.

அதே போர்க்காலத்தில், வானிலையைக் கணிதத்தாற் கணித்துவிடலாம் என்ற கனவை லூயிஸ் பிறை றிச்சாட்சன் என்னும் ஆங்கிலேயர் வளர்த்துக்கொண்டிருந்தார். குவேக்கர் சமயத்தவராகிய அவர் ஆயுதமேந்த மறுத்தார். பிரான்சின் போர்முனையிலே காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியின் சாரதியாகப் பணிபுரிந்தார். அப்பணிக்கிடையே, 1910 மே 20ஆந் திகதியின் அவதானிப்புகளைக் கொண்டு ஆறு மணித்தியாலத்தில் காற்றமுக்கம் எவ்வளவு மாறும் எனக் கையாற் கணித்தார். 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று காற்றமுக்கம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. இத்தகைய பெரும்பிழையை அவர் மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் அதனை முழுமையாக அச்சிட்டு, காரணத்தையும் ஆராய்ந்தார். பிழை அவருடைய முறையிலன்று, தொடக்க அவதானிப்புகளின் ஒவ்வாமையிலே இருந்தது என்பதைப் பிற்காலத்தார் அவருடைய கணிப்பை மீளச் செய்து நிறுவினர். வானிலை மாறும் வேகத்துக்கு ஈடாக உலகம் முழுவதற்கும் கணிப்பதாயின், ஒரு மாபெரும் மண்டபத்தில் 64,000 மனிதர் அமர்ந்து கணக்கிடவேண்டும் என்றும் அவர் மதிப்பிட்டார்.

பிரித்தானிய வானிலைத் திணைக்களம் விமானப்படையோடு தொடர்புடைய அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டபோது, றிச்சாட்சன் 1920இல் தம் பதவியைத் துறந்தார். பின்னாளில் போர்கள் ஏன் எழுகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்வதிலே தம் அறிவைச் செலவிட்டார். அறிவு யாருக்குப் பணிசெய்யவேண்டும் என்ற கேள்விக்கு அவர் வாழ்ந்து காட்டிய விடை இது.

பொறி கணித்தது, ஐயம் அகலவில்லை

றிச்சாட்சனின் கனவை 1950இல் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி நனவாக்கத் தொடங்கியது. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதற்காக அமெரிக்க இராணுவம் அமைத்த பொறி அது. ஜூல் சார்னி, நோர்வே நாட்டவரான றாக்னர் பியோர்ற்றொவ்ற், ஜோன் வொன் நியூமன் ஆகியோர் அதனைக் கொண்டு இருபத்துநான்கு மணித்தியால முன்கூறல்களைக் கணித்தனர். கணிப்பதற்கும் ஏறக்குறைய இருபத்துநான்கு மணித்தியாலம் சென்றது. முதுமையுற்றிருந்த றிச்சாட்சன் அச்செய்தியை அறிந்து மகிழ்ந்தார், 1953இற் காலமானார். பிரித்தானிய வானிலை அலுவலகம் 1965 நவம்பரில் பொறிக்கணிப்பைத் தன் நாளாந்தப் பணியிற் சேர்த்துக்கொண்டது.

பொறியின் ஆற்றல் பெருகப்பெருக ஐயம் முற்றாக நீங்கிவிடும் என்று பலர் நம்பினர். அந்நம்பிக்கைக்கு எல்லை வகுத்தவர் எட்வேட் லோறன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். 1961இல் அவர் ஒரு கணிப்பை இடையிலிருந்து மீளத் தொடங்கியபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிப் பொறிக்கு இட்டார். சிறிது நேரத்தின் பின்னர் பொறி காட்டிய வானிலை முன்னையதோடு ஒரு தொடர்பும் அற்றதாய் இருந்தது. ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த வேறுபாடு, முழு முடிவையும் மாற்றிவிட்டது. 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை, விதிகள் முற்றாக அறியப்பட்டவிடத்தும் எதிர்காலம் முற்றாக அறியப்படாது என்பதைக் காட்டியது.

இதனைக் கொண்டு, உலகை அறியவே முடியாது என்று சிலர் வாதிடுவதுண்டு. அது பொருந்தாத முடிவு. காரணகாரியத் தொடர்பை லோறன்ஸ் மறுக்கவில்லை; தொடக்க நிலையை நாம் அளக்கும் நுட்பத்துக்கு எல்லையுண்டு என்றே கூறினார். அறிவின் எல்லையை அளந்தறிவதும் அறிவின் வளர்ச்சியே. 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய வானிலை நிலையங்கள் ஒரே கணிப்பைச் செய்வதை விடுத்து, தொடக்க நிலையைச் சிறிதுசிறிது மாற்றிப் பல கணிப்புகளை ஒருங்கே செய்து வருகின்றன. ஐம்பது கணிப்புகளில் நாற்பது வெண்பனியைக் காட்டினால் ஐயம் குறைவு. இருபத்தைந்து காட்டினால் ஐயம் பெரிது. ஐயத்தை ஒழிக்க முடியாதவிடத்து அதனை எண்ணாக்கினர். இது தோல்வியன்று, இத்துறையின் மிகப்பெரிய முன்னேற்றங்களுள் ஒன்று.

பழி யாருக்கு?

முன்கூறல் திருந்தினால் மட்டும் மக்கள் துன்பம் தீர்ந்துவிடுமா? இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு நோக்குவோம்.

1947ஆம் ஆண்டு சனவரி மாதப் பிற்பகுதி முதல் மார்ச் மாத நடுப்பகுதிவரை பிரித்தானியாவின் ஏதோ ஒரு பகுதியில் நாள்தோறும் வெண்பனி விழுந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் அவ்வாண்டு சனவரி முதலாந் திகதியன்றே நாட்டுடைமையாக்கப்பட்டிருந்தன. சுரங்கவாயிலில் குவிந்த கரியை மின்னிலையங்களுக்குக் கொண்டுசெல்ல முடியாதவாறு இருப்புப்பாதைகள் மூடுண்டன. பெப்ரவரியில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. வீடுகளுக்கும் பகலிற் சில மணித்தியாலங்கள் நிறுத்தப்பட்டது. இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். சஞ்சிகைகளின் வெளியீடும் இடைநிறுத்தப்பட்டது. இவற்றையெல்லாம் வெண்பனியின் கணக்கில் எழுதிவிடுதல் எளிது. ஆனால் வெண்பனி விழுமுன்னரே கரி இருப்புக் குறைவாயிருந்தது. போரினால் இருப்புப்பாதைகளும் வண்டிகளும் தேய்ந்திருந்தன. பழைய உடைமையாளர் விட்டுச்சென்ற சுரங்கங்கள் பல நெடுங்காலம் புதுப்பிக்கப்படாதவை. வானம் ஓர் அடியைத் தந்தது. அவ்வடியைத் தாங்கும் வலிமையைச் சமுதாயம் முன்னரே இழந்திருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் காலத்தது. 2014 சனவரி 28ஆந் திகதி அமெரிக்காவின் தென்பகுதியில் ஜோர்ஜியா மாநிலத் தலைநகரான அற்லாண்டாவில் 2.6 அங்குல வெண்பனி விழுந்தது. வட நகரங்களுக்கு அது ஒரு பொருட்டன்று. அற்லாண்டாவோ வெண்பனியின் விளிம்பில் உள்ள நகரம். வெண்பனி நகரத்தைத் தொடுமா, தெற்கே ஒதுங்கிவிடுமா என்பதில் முதல்நாள் ஐயம் இருந்தது. ஆயினும், வானிலைச் சேவை அன்று அதிகாலை மூன்றரை மணியளவில் நகரத்துக்குக் குளிர்காலப் புயலெச்சரிக்கை விடுத்தது. பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் வழக்கம்போல் திறக்கப்பட்டன. நண்பகலில் வெண்பனி விழத் தொடங்கியதும் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. நெடுஞ்சாலைகள் வாகனங்களால் நிரம்பி, உறைந்து, அசைவற்று நின்றன. ஆயிரக்கணக்கான மாணவர் அன்றிரவைப் பள்ளிக்கூடங்களிலேயே கழித்தனர். அவர்களோடு ஆசிரியரும் தங்கினர். நெடுஞ்சாலையில் நின்ற வாகனத்தில் ஒரு குழந்தை பிறந்தது.

மாநில ஆளுநர் முதலில் இது எதிர்பாராதது என்று கூறி, முன்கூறலின் மேற் பழியைச் சாய்த்தார். வானிலையாளர் எச்சரிக்கையின் நேரத்தைச் சுட்டிக்காட்டி மறுத்தனர். பின்னர் ஆளுநர் மன்னிப்புக் கோரினார். ஆனால் பழியின் வேர் அந்த ஒரு நாளில் இல்லை. 1971இல் அந்நகரின் பொதுப் போக்குவரத்து முறையைப் புறநகர்களுக்கு விரிவாக்க முன்மொழிந்தபோது, குவின்னெற், கிளேற்றன் ஆகிய புறநகர் மாவட்டங்களின் வாக்காளர் அதனை நிராகரித்தனர். நகரத்துக் கறுப்பின மக்கள் தம் வாயிலுக்கு வந்துவிடுவர் என்ற அச்சம் அந்நிராகரிப்பிற் பெரும்பங்கு வகித்தது என்பதை அந்நகர வரலாற்றை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். நாற்பது ஆண்டுகளின் பின்னர், தனியார் வாகனமன்றி வேறு வழியில்லாத ஒரு மாநகரம் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த வெண்பனியில் ஓரிரவு முழுதும் சிறைப்பட்டது. கிளேற்றன் மாவட்டத்தார் அதே 2014 நவம்பரில் வாக்களித்து அம்முறையில் இணைந்தனர்.

மறுபுறப் பிழையும் உண்டு. அடுத்த ஆண்டு சனவரி 26ஆந் திகதி, நியூயோர்க் நகரத்தில் இரண்டடிக்கு மேல் வெண்பனி விழக்கூடும் எனக் கூறப்பட்டு, நிலத்தடிப் புகைவண்டி உட்பட அனைத்தும் நிறுத்தப்பட்டன. நகர நடுவிலுள்ள பூங்காவில் விழுந்தது 9.8 அங்குலமே. அண்மையிலுள்ள லோங் தீவின் இசிலிப் என்னுமிடத்திலோ 24.9 அங்குலம் விழுந்தது. புயல் பொய்க்கவில்லை, அதன் விளிம்பு சிறிது கிழக்கே ஒதுங்கிற்று. முன்கூறலுக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவரது நேர்மை போற்றற்குரியது. ஆனால் உண்மையில் வேண்டியிருந்தது மன்னிப்பன்று. ‘இரண்டடி விழலாம், அதிற் பாதியும் விழலாம்’ என்பதை முன்கூட்டியே மக்கள் செவியில் விழுமாறு சொல்வதே.

ஐயத்தின் விலை

நிச்சயமற்ற எச்சரிக்கையை எப்போது பின்பற்றுவது? சுவீடன் நாட்டு அறிஞர் அண்டர்ஸ் ஒங்ஸ்ட்ரோம் 1922இலேயே இதற்கு ஒரு கணக்கைத் தந்தார். காப்புச் செய்ய ஒரு பங்கு செலவும், செய்யாதுவிட்டால் பத்துப் பங்கு இழப்பும் ஏற்படுமாயின், பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு இருந்தாலே காப்புச் செய்தல் தகும். நகரசபை தெருக்களில் உப்புத் தூவுவதை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். இக்கணக்கின்படி ஒழுகினால், பத்துத் தடவையில் ஒன்பது தடவை உப்பு வீணாகலாம், அது மடமையாகாது.

கணக்குச் சரியானதே. ஆனால் செலவும் இழப்பும் ஒருவருக்கே உரியன என்று அது கொள்கின்றது. சமுதாயத்தில் அவ்வாறில்லை. நகரம் மூடப்பட்டால் மாதச் சம்பளம் பெறுவோர் வீட்டிலிருந்து இளைப்பாறுவர்; நாட்கூலி பெறுவோர் அன்றைய உணவை இழப்பர். நகரம் திறந்திருந்தால் தொழிற்சாலை உடைமையாளரின் இலாபம் குறையாது. பனிமூடிய பாதையில் நள்ளிரவில் வீடு திரும்ப வேண்டியவர் துப்புரவுத் தொழிலாளியே. செலவை ஏற்பவர் ஒருவர், இழப்பை ஏற்பவர் வேறொருவர், முடிவெடுப்பவர் மூன்றாமவர் என்ற நிலையில், எத்துணை நுட்பமான எண்ணும் நீதியான முடிவைத் தராது. வானிலையாளரின் ஐயம் இயற்கையினின்று எழுவது; அதனைக் குறைக்கலாமேயன்றி ஒழிக்க முடியாது. அவ்வையத்தின் சுமை எப்போதும் தாழ்ந்தோர் தோளிலேயே விழுவது இயற்கையன்று. அது மனிதர் செய்த ஏற்பாடு; ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது. மூடப்பட்ட நாளுக்கும் ஊதியம், தனியார் வாகனம் இல்லாதோருக்கும் போக்குவரத்து, எச்சரிக்கையை அலட்சியம் செய்யாத நிர்வாகம் ஆகிய மூன்றும் இருந்தால், பிழைத்த முன்கூறலும் பேரிழப்பாகாது. இவை இல்லையேல் பிழையாத முன்கூறலாலும் பயனில்லை என்பதற்கு அற்லாண்டா சான்று.

நம் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்தை ஐயமற்ற விடைகளின் தொகுதியாகவே பயிற்றி வருகின்றோம். பரீட்சைத் தாளில் ஒரு வினாவுக்கு ஒரு விடை. அதற்கு அப்பால் மாணவன் நோக்குவதில்லை. அவ்வாறு பயின்றவன், வானிலையாளர் ‘அறுபது வீதம்’ என்று சொன்னால், அவருக்குத் தொழில் தெரியவில்லை என எண்ணி நகைக்கின்றான். எல்லாம் தெரிந்தவன்போல் உறுதி கூறும் சோதிடனையோ அரசியல்வாதியையோ நம்புகின்றான். பிற்ஸ்றோயைப் பார்த்து நகைத்தவரும் இவ்வாறே நகைத்தனர். தன் ஐயத்தின் அளவை அறிந்து, அதனை மறைக்காது கூறுவோனே அறிவியலாளன் என்பதை இளைய தலைமுறைக்கு உணர்த்துதல் ஆசிரியராகிய நம் கடமை. அளந்து கூறப்பட்ட ஐயத்தைக் கேட்டு அஞ்சாத மக்களை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.